கடைசியார் சட்டை

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள். அன்றைக்கு அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் இருந்திருந்தால் அச்சுக்காரன் பெண்டாட்டிக்கு இந்த வேதனை வந்திருக்காது. போயும் சும்மா இருந்திருந்தாலும் வந்திருக்காது. போனாள், உட்கார்ந்தாள், கொடுத்த பிஸ்கட்டைத் தின்றாள், டீயைக் குடித்தாள். அதோடு எழுந்து வர வேண்டியதுதானே? வாயைத் திறந்தாள்.

ஓட்டப் பந்தயக் குழுவின் கூட்டம் அது. வருஷாவருஷம் ஊரே திரண்டு ஓடும் அந்த ஓட்டத்துக்குச் சட்டை அச்சடித்துத் தருவது இவர்கள் பட்டறைதான். பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். வீட்டின் முன்னறை, அவ்வளவுதான். நடுவில் நீள மேசை, மேலே சட்டையை மாட்டும் பலகைகள், சுவரோரம் இங்க்கைக் காயவைக்கும் சூட்டு மெஷின், பரண் நிறைய, வலைத்துணி கட்டிய பழைய அச்சு ஸ்கிரீன்கள். பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் துவைக்கிற இடம். இவள் சட்டையைப் பலகையில் மாட்டுவாள், புருஷன் ஸ்கிரீனை இறக்கி ரப்பர் பட்டையால் இங்க்கை இழுப்பான், சூட்டு மெஷினுக்குள் போய் வெளியே வருவதை நாத்தனார் மடித்து அடுக்குவாள். நாத்தனார் என்றால் புருஷனின் அக்கா. கட்டியவன் போய்ச் சேர்ந்த பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். அவள் கை சும்மா இருக்காது, வாய் அதைவிடச் சும்மா இருக்காது.

அன்றைக்குப் புருஷனுக்குக் காய்ச்சல். அதனால் கூட்டத்துக்கு இவள் போனாள். குழுவின் செயலாளர் பல் டாக்டரம்மா எழுந்து, போன வருஷத்துச் சட்டைகள் என்ன ஆயின என்று கேட்டார். என்ன ஆகும்? பாதி தரை துடைக்கப் போயிற்று, மீதி குடோனில் பெட்டி பெட்டியாகக் கிடக்கிறது, வருஷத்தைப் போட்டு அச்சடித்ததால் மறு வருஷம் யாருக்கும் கொடுக்க முடியாமல். "ஒரு நாள் ஓடுறதுக்கு ஒரு சட்டை. அப்புறம் அது குப்பை. இந்தக் குப்பையைக் குறைக்க யார்கிட்டயாவது யோசனை இருக்கா?" என்றார்.

பின்வரிசையிலிருந்து கடைசியார் எழுந்தார். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர். எந்த வருஷம் ஓடினாலும் கடைசி ஆளாகத்தான் வந்து சேருவார், அதனால் அந்தப் பேர். கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளவும் மாட்டார்.

"எனக்குப் புதுச் சட்டை வேணாங்க" என்றார். "வீட்ல ஒரு பீரோ நெறையக் கிடக்கு. நான் போட்டு ஓடுறது என்னவோ முதல் வருஷம் குடுத்த அந்த ஒண்ணைத்தான். அது முதுகுலயே இந்த வருஷத்து முத்திரையைப் போட்டுக் குடுத்தா போதும். அடுத்த வருஷம் அதுக்குக் கீழே இன்னொண்ணு."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. நேரே இவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, பழைய சட்டை மேல அச்சடிக்க முடியுமா?"

"தாராளமா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் புருஷன் போர்வையை உதறிக்கொண்டு எழுந்தான். காய்ச்சல் அங்கேயே இறங்கியிருக்க வேண்டும்.

"தாராளமாவா? யாரைக் கேட்டுச் சொன்னே?"

"முடியாதா என்ன? துணிதானே?"

"துணிதான். யார் துணி? புதுசுன்னா கூடுதலா வாங்கி வெச்சிருப்போம். ஒண்ணு கோணலா விழுந்தா தூக்கிப் போட்டுட்டு அடுத்ததை எடுப்போம். முதல் சட்டை எப்பவும் வீணாத்தான் போகும், உனக்குத் தெரியாதா? அவனவன் வீட்லேருந்து கொண்டுவந்து குடுக்கிற சட்டை கெட்டா வேற எங்கடி போய் எடுப்பே? அவன் முதுகுலேருந்தா?"

"கெடாம பண்ணுங்க."

"கேட்டியாக்கா? கெடாம பண்ணணுமாம்."

நாத்தனார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, "அவ சொன்னதுல தப்பில்ல, சொன்ன இடம்தான் தப்பு" என்றாள். யார் பக்கம் பேசினாள் என்பது அவளுக்கே தெரிந்திருக்காது.

குழுவிலும் எல்லோருக்கும் சம்மதம் இல்லை. வெளியூர் ஃபாக்டரிக்காரன் ஒருவன் துணி, அச்சு, பை எல்லாம் தானே தருகிறேன் என்று பல வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கிறான். டாக்டரம்மா போனில் பட்டென்று சொல்லிவிட்டார். "உங்களை நம்பித்தான் எல்லார்கிட்டயும் மல்லுக்கட்டிட்டு இருக்கேன். ஒரே ஒரு சட்டை கெட்டாலும் போச்சு. அடுத்த வருஷம் நான் வாயே திறக்க முடியாது. வேலை அந்த ஃபாக்டரிக்குத்தான் போகும்." அந்த வேலை போனால் பட்டறையும் போனது மாதிரிதான். மற்ற நாளில் வருவதெல்லாம் ஸ்கூல் பனியனும் கடை விளம்பரமும். அதை நம்பி மூன்று வயிறு கழுவ முடியாது. புருஷன் வேறு தொழில் கற்ற ஆளும் இல்லை.

சட்டைகள் மூட்டை மூட்டையாக வந்தன. அடேயப்பா, என்னென்ன சட்டைகள்! வெள்ளை, மஞ்சள், ஊதா, ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு நிறம். எல்லாம் இதே மேசையில் அச்சடித்தவை. பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டிலிருந்து மறுபடி மறுபடி திருப்பி அனுப்பினால் எப்படி இருக்கும், அப்படி வந்து குவிந்தன. சிலது நாறியது. வியர்வை எண்ணெய் இருந்தால் இங்க் பிடிக்காது, அதனால் எல்லாவற்றையும் முதலில் துவைக்க வேண்டும். வானமோ ஒரு வாரமாக மூடிக் கிடந்தது. மழையும் பெய்யவில்லை, வெயிலும் அடிக்கவில்லை. சமையலறையில், படுக்கிற அறையில், நடையில் என்று கயிறு கட்டி ஈரச் சட்டைகளுக்கு அடியில் குனிந்து குனிந்துதான் வீட்டில் நடமாட முடிந்தது. முட்டையைப் பொரித்தால்கூட, வாடை சட்டையில் ஏறும் என்று நாத்தனார் சத்தம் போட்டாள். அந்த வாரம் முழுக்க ரொட்டியும் டீயும்தான்.

மாறிப் போகக் கூடாதே என்று ஒவ்வொரு சட்டையிலும் ஒரு துண்டுத் துணியில் ஆள் அடையாளம் எழுதி ஊக்கால் குத்தி வைத்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். தூக்கத்தில்கூட ஊக்கைத் தேடியது கை.

அச்சு ஆரம்பித்த அன்று புருஷன் கையைத் துடைத்துத் துடைத்து நின்றான். ஸ்கிரீனை இறக்கினான், தூக்கினான், மறுபடி இறக்கினான்.

"முதல் இழுப்புக்கு ஒரு வேஸ்ட் துணி குடு" என்றான். "புதுத் துணி வேணாம். நல்லா தோய்ஞ்ச பருத்தியா இருக்கட்டும், இந்தப் பழைய சட்டைங்க மாதிரியே. அதுல சரி பண்ணிட்டுத்தான் இதுல கை வைப்பேன்."

அவன் பயம் அவளுக்கும் இருந்தது. துவைக்கிற இடத்துக்குப் போனாள். வேஸ்ட் துணிக்கூடை வழக்கமான இடத்தில்தான் இருந்தது. அதிலேயே தோய்ந்து தோய்ந்து பூவாகிப்போன ஒரு துணியைக் கை தேடி எடுத்தது. ஓரத்தில் ஓட்டை, இடுப்பில் கரிக்கறை. தடவிப் பார்த்தாள். இதைவிடத் தோய்ந்த பருத்தி கிடைக்காது என்று சந்தோஷமாகக் கொண்டுவந்து கொடுத்தாள்.

புருஷன் அதில் இழுத்துப் பார்த்தான். இங்க் அப்பியது. தண்ணீராகக் கலந்து இழுத்தான். பரவியது. நேராக, சாய்வாக, முன்னால், பின்னால், தோளில் என்று திருப்பித் திருப்பி இழுத்து, சூட்டு மெஷினில் விட்டு எடுத்துச் சுரண்டிப் பார்த்து, கை பதம் வந்த பிறகு ரப்பர் பட்டையையும் அதிலேயே துடைத்து மேசைக்கு அடியில் எறிந்தான்.

அப்புறம் பாருங்கள், அவன் கை அப்படி ஓடியது. ஒன்று கோணவில்லை, ஒன்று ஒழுகவில்லை. மூட்டை மூட்டையாக எல்லாம் முடிந்தது. கடைசிச் சட்டை மெஷினிலிருந்து வெளியே வந்ததும் அவன் நாற்காலியில் சாய்ந்து, கல்யாணமான புதிதில் சிரித்த மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்தான். "தாராளமான்னு சொன்னே. சரிதான்டி" என்றான்.

"கண்ணு படப்போகுது, சும்மா இருங்க" என்றாள். மனசு குளிர்ந்துதான் போயிற்று.

மறுநாள் காலை துவைக்கிற தொட்டியைக் கழுவும்போது அடைப்பில் ஏதோ மாட்டியது. விரலை விட்டு இழுத்தாள். ஊக்கோடு ஒரு துண்டுத் துணி. விரித்துப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான். கடைசியார்.

ஓடிப்போய் அடுக்கி வைத்திருந்த சட்டைகளையெல்லாம் கலைத்தாள். திரும்ப அடுக்கினாள், திரும்பக் கலைத்தாள். இல்லை. மேசைக்கு அடியில் பார்க்க மட்டும் கால் வரவில்லை. கடைசியில் குனிந்து, அந்த வேஸ்ட் துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். நெஞ்சுப் பக்கம் பார்த்தாள். புதிய இங்க்குக்குக் கீழே, ஆவி மாதிரி, முதல் வருஷத்து அச்சு. அக்குளில் கறுப்பு நூலால் ஆம்பளைக் கை போட்ட தையல். இடுப்பில் இருந்தது கரி இல்லை, லிஃப்ட் கிரீஸ். ஊக்குக் கழன்ற சட்டையைப் பழந்துணி என்று நினைத்து நாத்தனார் கூடையில் போட்டிருக்கிறாள். இவள் பொறுக்கி எடுத்திருக்கிறாள். ஒரு சட்டையும் கெடக் கூடாது என்று பயந்து பயந்து எடுத்த துணி, ஐயோ, அதுதான் சட்டை.

"மெஷினுக்குள்ள ஒரு தடவை போய் வந்துட்டா சட்டை கிழிஞ்சாலும் அச்சு போகாது" என்று வாடிக்கையாளர்களிடம் புருஷன் பெருமையடிப்பான். தின்னரை ஊற்றித் தேய்த்தாள். சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். விரல்தான் எரிந்தது.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா போன். "எல்லாம் முடிஞ்சுதாமே, உங்க வீட்டுக்காரர் சொன்னார். ரொம்ப சந்தோஷம்மா. நாளைக்கு மறுநாள் ஓட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கடைசியாரை மேடைக்குக் கூப்பிடப் போறேன். அவர்தானே இதை ஆரம்பிச்சு வெச்சவர்? அவர் முதுகைத்தான் எல்லாருக்கும் முதல்ல காட்டணும். அவர் சட்டையைத் தனியா எடுத்து வெச்சிருக்கீங்கல்ல?"

"வெச்சிருக்கோம் டாக்டரம்மா."

பொய் எவ்வளவு சுலபமாக வந்தது! 'தாராளமா' வந்த அதே வாய்தானே.

நாத்தனாரிடம் எதையும் மறைக்க முடியாது. தொட்டியடியில் இவள் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததுமே, "என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்று கேட்டு, சட்டையைப் பிடுங்கிப் பார்த்து, வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"நான்தான் கூடையில போட்டேன்" என்றாள்.

"நான்தான் எடுத்தேன் அண்ணி."

"தம்பிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அவர் இனிமே ஸ்கிரீனையே தொட மாட்டார்."

நாத்தனார் எட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பரண்ல முதல் வருஷத்து வெள்ளைச் சட்டை மிச்சம் ஒண்ணு இருக்கு. புதுசைப் பழசாக்க முடியாதா? கடையில கிழிச்சு வெச்சே விக்கிறான், வாங்கிட்டுப் போறாங்க" என்றாள்.

இவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஆனாலும் எழுந்தாள். பானையில் தண்ணீர் கொதித்தது. சோடா உப்பைப் போட்டு அந்தப் புதுச் சட்டையை அவித்தார்கள், அடித்தார்கள், கல்லில் உரசினார்கள், பிழிந்து மறுபடி அவித்தார்கள். ஆவியில் இரண்டு பேர் முகமும் வெந்துபோயிருந்தபோது புருஷன் உள்ளே வந்தான்.

"என்ன சமைக்கிறீங்க?" என்று மூடியைத் தூக்கினான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? இவள் சொன்னாள், எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கத்துவான் என்று தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றாள். கத்தவில்லை. கெட்டுப்போன சட்டையை எடுத்து மடியில் விரித்து, தான் இழுத்த ஒவ்வோர் அச்சையும் விரலால் தொட்டுப் பார்த்தான்.

"எத்தனை தடவை இழுத்திருக்கேன் பாரு" என்றான். "பாவி. தோளைக்கூட விடல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் குடுத்தேன், நீங்க இழுத்தீங்க."

"நெஞ்சுல பழைய அச்சு இருந்திருக்கே. நான் போட்ட அச்சு. அது என் கண்ணுல படலியே."

அவன் எழுந்து பரணில் ஏறினான். முதல் வருஷத்து ஸ்கிரீன், தூக்கிப் போட மனசில்லாமல் வைத்திருந்தது, தூசியோடு இறங்கியது. "அவிச்சு முடிங்க. பரண் சட்டையில முன்னாடி இருக்கிற அச்சு வெளிறிப் போச்சுன்னா அதே இடத்துல மங்கலா இழுத்துத் தர்றேன்" என்றான்.

அன்று முழுக்கவும் அதுதான் வேலை. இவள் கறுப்பு நூலைக் கோத்து ஆம்பளைத் தையல் மாதிரியே கோணல்மாணலாகத் தைத்தாள். நாத்தனார் மெஷின் மசகைத் தொட்டு இடுப்பில் கறை வைத்தாள், கொஞ்சம் அதிகமாகவே வைத்துவிட்டாள். ஓட்டைகூடப் போட்டார்கள். முதுகில் இந்த வருஷத்து முத்திரை அழகாக விழுந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது யாருக்கும் தெரியாது என்றுதான் தோன்றியது.

மறுநாள் மத்தியானம் கடைசியார் வந்தார். வேலை உடுப்பில், கையில் கருவிப் பையோடு. மூன்று பேரும் வாசலுக்கே வந்துவிட்டார்கள். ஒரு சட்டையைக் கொடுக்க மூன்று பேர் எதற்கு?

அவர் சட்டையை வாங்கி விரித்தார். காலரைத் தொட்டார். அக்குளைத் தொட்டார். மூன்று பேரையும் ஒரு தடவை பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா" என்றார். மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

புருஷன் மூச்சு விட்டான். நாத்தனார் கதவுநிலையில் சாய்ந்தாள். "அப்பாடா, தப்பிச்சோம். டீ போடட்டுமா?"

இவளுக்கு மட்டும் நெஞ்சில் வைத்த கல் இறங்கவில்லை. அந்த மனுஷன் போய் நிற்கப்போகிறார், புதுச் சட்டையைப் பழசென்று நம்பி, எல்லோர் முன்னாலும். உள்ளே போனாள், மேசைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த அந்தப் பாழான சட்டையை உருவினாள், செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் ஓடினாள். ஸ்கூல் படிக்கும்போது ஓடியது, அதற்கப்புறம் இன்றைக்குத்தான். நல்லவேளை, துரத்தியது கடைசியாரை. முக்குத் திரும்புவதற்குள் பிடித்துவிட்டாள்.

"அண்ணே... அது... உங்க சட்டை இல்ல" என்றாள் மூச்சிரைக்க.

"தெரியும்மா."

"தெரியுமா?"

"இத்தனை வருஷமா என் முதுகுல கிடந்த துணி. எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் நல்லா இருக்குன்னு சொன்னீங்க?"

"உங்க மூணு பேர் மூஞ்சியைப் பார்த்தேன். லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க மூஞ்சி அப்படித்தான் இருக்கும். அவங்ககிட்ட முதல்ல எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொல்லணும். கதவை அப்புறம்தான் திறக்கணும்." கையை நீட்டினார். "அதைக் குடு."

கொடுத்தாள். பக்கத்துக் கடைப் படியில் உட்கார்ந்து விரித்துப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. அவளால் பார்க்க முடியவில்லை.

"முதல் வருஷம் பாதி வழியில நின்னுட்டேன்" என்றார். "மூச்சு முட்டுது. வீட்டுக்குப் போயிடலாம்னு பார்த்தா இந்தச் சட்டை போட்டிருக்கேன். ஓடி முடிக்காம இதை எப்படிப் போட்டுக்கிறதுன்னு தோணிச்சு. நடந்தே வந்து சேர்ந்தேன், எல்லாரும் கலைஞ்சு போனப்புறம். அதனாலதான் வேற சட்டை எதுவும் எனக்கு ஒட்டல."

"மன்னிச்சிடுங்கண்ணே. துணியைப் பார்த்து எடுத்துட்டேன். ஆளைப் பார்க்கல."

"கெட்டது கெட்டுப்போச்சு. வேணும்னேவா பண்ணே?" பையிலிருந்து அந்த அவித்த சட்டையை எடுத்து அவள் கையில் வைத்தார். "எனக்குக் கோபம் இதுக்குத்தான். இன்னொண்ணு வேணாம்னுதானேம்மா அன்னைக்கு எழுந்து நின்னேன்? அத்தனை பேரும் சிரிச்சாங்க, பரவால்லன்னு நின்னேன். கடைசியில எனக்குன்னே ஒண்ணு புதுசாப் பண்ணியிருக்கீங்க."

அவர் பாழான சட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். நாளைக்கு வருவாரா, வந்தால் எதைப் போட்டுக்கொண்டு வருவார், எதுவும் சொல்லவில்லை. கேட்க இவளுக்கும் தைரியம் இல்லை. வீட்டுக்குத் திரும்பியதும் அந்தப் புதுச் சட்டையை வேஸ்ட் துணிக்கூடையில் போட்டாள். நாத்தனார் பார்த்தாள், முதல் தடவையாக ஒன்றும் கேட்கவில்லை.

ஓட்டத்தன்று காலை மைதானத்தில் வெளிச்சம் பரவிக்கொண்டிருந்தது. தண்ணீர் டிரம்களுக்கு முன்னால் அவரவர் வீட்டு டம்ளரோடு வரிசை. பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றுகூட இல்லை, டாக்டரம்மா ஏற்பாடு. எங்கே பார்த்தாலும் முதுகுகள். மஞ்சள் முதுகு, ஊதா முதுகு, வெளிறிய சிவப்பு முதுகு, எல்லாவற்றிலும் ஒரே முத்திரை, ஒன்று கோணவில்லை. வேறொரு நாளாக இருந்தால் புருஷனும் பெண்டாட்டியும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். இன்றைக்கு இரண்டு பேரும் ஒரே ஒரு முதுகைத் தேடினார்கள்.

மைக்கில் கூப்பிட்டார்கள். "கடைசியார் எங்கே? வந்துட்டாரா?" வரவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். "கடைசியார் மேடைக்கும் கடைசியிலதான் வருவார்!" என்று எவனோ கத்தினான். சிரிப்பு.

வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெதுவாக மேடையேறினார். அவருடைய அந்தப் பழைய சட்டைதான். உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டிருந்தார். தையல்கள் எல்லாம் வெளியே, காலர்ப் பட்டி கழுத்துக்குப் பின்னால் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த அச்சுகள் துணியில் நிழலாகத்தான் தெரிந்தன. தெரிந்தவர்கள் கண்ணுக்குத்தான் அவை அச்சு. மற்றவர்களுக்கு ஏதோ கறை.

"ஐயையோ, சட்டையை உல்டாவா போட்டுட்டு வந்திருக்கீங்களே!" என்றார் டாக்டரம்மா.

"இருட்டுல மாட்டினேங்க. கவனிக்கல."

மைதானமே சிரித்தது. அவரும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

"திருப்பிப் போடுங்க, உங்க முதுகை எல்லாரும் பார்க்கணும்."

"இருக்கட்டுங்க. ஓடி முடிச்சிட்டுத் திருப்பிக்கிறேன்."

"அப்ப நாளைக்குத்தான் பார்க்க முடியும்!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். விசில் அடித்தார்கள். கைகொட்டிச் சிரித்தார்கள்.

புருஷன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "சும்மா இரு" என்றான் காதருகே. "அந்த மனுஷனே மறைச்சிட்டார். யாருக்கும் தெரியாது. வேலை நம்மகிட்டயே இருக்கும். இந்த ஒரு தடவை வாயைத் திறக்காத."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. குழுவில் எதிர்த்தவர்கள்கூடச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் போதும், எல்லாம் முடிந்துவிடும். மேடையில் அந்த மனுஷன் மறுபடி தலையைச் சொறிந்தார். கழுத்துக்குப் பின்னால் பட்டி ஆடியது.

வாயைத் திறந்தாள்.

"டாக்டரம்மா! அவர் தெரியாமப் போடல. எங்களுக்காகத்தான் அப்படிப் போட்டிருக்கார். அந்தச் சட்டையைக் கெடுத்தது நான். வேஸ்ட் துணின்னு நெனச்சு முதல் இழுப்புக்கு எடுத்துக் குடுத்துட்டேன். அவரைப் பார்த்துச் சிரிக்காதீங்க."

சிரிப்பு நின்றது. யாரும் கைதட்டவில்லை. குழுவில் ஒருவர் பக்கத்து ஆளிடம், "நான் அப்பவே சொல்லல?" என்றது தெளிவாகக் கேட்டது. டாக்டரம்மா மைக்கைக் கீழே இறக்கி, இவளைப் பார்த்தார். "ஓட்டம் முடியட்டும்மா. பேசுவோம்" என்றார். அந்தக் குரலிலிருந்து ஒன்றையும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

கடைசியார் மேடையிலேயே சட்டையைக் கழற்றினார். எலும்பெடுத்த மார்பும் தொந்தியுமாக எல்லோர் முன்னாலும் நின்று, நிதானமாக அதைத் திருப்பினார், மாட்டிக்கொண்டார், இழுத்துவிட்டுக்கொண்டார். இறங்கி வந்து கோட்டுக்குப் பின்னால், கடைசி வரிசையில், தன் வழக்கமான இடத்தில் நின்றார்.

விசில் ஊதியது. எல்லா முதுகும் சேர்ந்து நகர்ந்தது. நல்ல அச்சு விழுந்த முதுகுகளெல்லாம் முதலில் மறைந்தன. வேகமாக ஓடுகிறவர்கள் வேகமாகத்தானே மறைவார்கள். கடைசியார் மட்டும் ரோட்டின் நடுவில் தனியாக, ஆடி அசைந்து போய்க்கொண்டே இருந்தார். நேராக ஒன்று, சாய்வாக ஒன்று, அப்பியது, ஒழுகியது, தோள்மேல் ஏறியது, எல்லாம் பட்டப்பகலில் தெரிந்தது. அந்த ஒரு முதுகுதான் மறைய மாட்டேன் என்றது. மைதானத்தில் மிச்சமிருந்த அத்தனை பேரும் அதையே பார்த்தார்கள். இவளும் பார்த்தாள். இனி அடுத்த வருஷம் என்ன சாப்பிடுவது என்று ஒரு நினைப்பும் ஓடியது.

புருஷன் அவள் மணிக்கட்டை இன்னும் விடவில்லை. திட்டப்போகிறான் என்று நினைத்தாள். அவன் கண்ணைச் சுருக்கி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இடது தோளுக்குக் கீழே பாரு" என்றான் மெதுவாக. "அந்த ஒண்ணு நல்லா விழுந்திருக்கு."

அவள் பார்த்தாள். நிஜமாகவே நன்றாகத்தான் விழுந்திருந்தது. சிரிக்க வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது. கடைசியார் திருப்பத்தில் மறைகிறவரை இரண்டு பேரும் அங்கேயே நின்றார்கள்.